வாஷர் இல்லாத பில்

கோத்தகிரியில் அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டிய நிலை. ஆரம்பத்திலிருந்து பார்த்துவந்த மருத்துவர் கோவையில் இருந்ததால் சிகிச்சையையும் அங்கேயே தொடர்ந்தார்கள். சிஸ்டருக்கு முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதித்து மலை ஏற முடியாது. அதனால் ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையில் பெரும்பகுதியைப் போட்டு, 2021இல் ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று வாங்கினார். சின்ன ரக எஸ்யூவி, சிவிடி கியர்பாக்ஸ், விலை 14 லட்சத்துக்குச் சற்று மேல், வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்.

2024 தொடக்கத்தில், மீட்டர் 61 ஆயிரத்தைத் தாண்டியிருந்த சமயம், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடந்ததும் வண்டி நின்றுபோனது. எஞ்சின் ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. பக்கத்து இருக்கையில் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன கணவர். இருட்டும் நேரம். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். மறுநாள் ரெக்கவரி லாரி வைத்து வண்டியைக் கோவைக்கு அனுப்பினார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் கியர்பாக்ஸ் மொத்தமாகப் போய்விட்டது என்றது. புதிதாக மாற்ற 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் எஸ்டிமேட். வாரண்டி கேட்டதற்கு, தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டிப் பிரிவிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதில் மறுப்புக்கு மூன்று காரணங்கள். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் கடுமையான பயன்பாட்டு அட்டவணைப்படி 40 ஆயிரம் கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்படவில்லை. வண்டியை வெளியிடத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள். ஓட்டியவர் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர மிதித்து ஓட்டியிருக்கிறார்.

அந்தக் கடிதத்தோடுதான் சிஸ்டர் வழக்கறிஞரான என்னிடம் வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். மூன்று வருட பில், ஜாப் கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது.

“ஒரு சர்வீஸ்கூட நான் விட்டதில்லைங்க சார். அவங்க சொல்ற தேதிக்கு முன்னாடியே கொண்டுபோய் விட்டுருவேன். ஆயில் மாத்தணுமான்னு நானே கேட்டேன். சிவிடி ஆயில் லைஃப்டைம் மேடம், தொடவே வேண்டாம்னாரு சர்வீஸ் சென்டர் தம்பி. இப்ப நான் மாத்தலைன்னு எனக்கே லெட்டர் போடறாங்க.”

ஒரு வாடிக்கையாளர் கேட்டும் செய்யாமல் விட்ட வேலையை, பிறகு அவர் தலையிலேயே குற்றமாகச் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கை எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தம்பி சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது. சொல்லவே இல்லை என்று அவர்கள் மறுத்தால் அதோடு போயிற்று. ஆகவே வழக்கு முழுக்க அந்த பிளாஸ்டிக் ஃபைலுக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

கியர்பாக்ஸ் பற்றித் தெரியாமல் கியர்பாக்ஸ் வழக்கு நடத்த முடியாது. மேட்டுப்பாளையத்தில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய சிவிடி அவர் பட்டறை மேசையில் பிரித்துக் கிடந்தது. பெல்ட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பெல்ட் என்றதும் ரப்பர் என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 400 மெல்லிய எஃகுத் துண்டுகளைப் பூச்சரம்போல நெருக்கிக் கோர்த்து, இரு பக்கமும் காகிதத் தடிமன் எஃகு வளையங்களை அடுக்காகப் போட்டுப் பிடித்திருக்கிறது. கையில் நல்ல கனம். இந்தப் பெல்ட் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுகிறது. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் நடுவை நோக்கி இறங்கும். அதனால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்ற கியர் படிகளே இல்லாமல் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. 1958இல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட் வைத்த காரை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து வரும் யோசனை இது. எஃகுப் பெல்ட் வந்த பிறகுதான் உலகெங்கும் பரவியது.

“இதுல பல்லே கிடையாது சார், பார்த்தீங்களா?” என்றார் அண்ணன். “இரும்பு இரும்பைக் கவ்விப் பிடிக்குது, அவ்வளவுதான். அந்தப் பிடியைக் கொடுக்கறதே ஆயில்தான்.”

இந்த ஒரு வாக்கியம் வழக்கின் போக்கையே எனக்குக் காட்டியது. தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். எஃகும் எஃகும் வழுக்காமல் பற்றிக்கொள்ள வேண்டிய உராய்வு, அந்த ஆயிலில் கலந்திருக்கும் சேர்மங்களால் வருவது. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை இதில் ஊற்றக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கடத்துவதும் அதே ஆயில். சூடு தொடர்ந்து ஏறினால் ஆயில் கெடுகிறது. ஆயில் கெட்டால் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் பெல்ட் வழுக்கித் தட்டைக் கீறுகிறது. கீறலிலிருந்து உதிரும் இரும்புத் தூள் ஆயிலில் கலந்து, ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடிக்குள் போகிறது. வண்டி முதலில் ஏற்றத்தில் லேசாக உதறும். அப்புறம் இழுக்காது. கடைசியில் நிற்கும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். 30 சொச்சம் கிலோமீட்டருக்குள் அந்த உயரத்தை ஏற வேண்டும். வேகம் குறைவு, பளு அதிகம், முன்னாலிருந்து வீசும் காற்றும் போதாது. வாரம் மூன்று முறை இந்தப் பாதையில் ஏறும் வண்டிக்கு ஆயில் மாற்றும் கெடு சமவெளி வண்டிக்கு உள்ளதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் தகராறே இல்லை. கையேடும் அதைத்தான் சொன்னது. சாதாரணப் பயன்பாட்டு அட்டவணையில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு நேரே “பரிசோதனை” என்று மட்டும் இருக்கும். நாலு பக்கம் தள்ளி, பொடி எழுத்தில், மலைப்பாதை, தூசி, கடும் வெயில், சுமை இழுத்தல் என்று வகைபிரித்து இன்னொரு அட்டவணை. அதில் 40 ஆயிரத்தில் “மாற்றவும்” என்று இருந்தது.

ஆக, ஆயில் மாற்றியிருக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னது உண்மை. நான் அதை மறுக்கவே இல்லை. மாற்றியிருக்க வேண்டியது யார் என்பதே என் கேள்வி.

சட்டத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. பல இளம் வழக்கறிஞர்கள் வண்டிப் பழுது என்றதும் அங்கே ஓடுகிறார்கள். ஆனால் அந்த அத்தியாயத்துக்கான “தீங்கு” என்ற விளக்கத்தை 2(22) பிரிவில் படித்துப் பார்த்தால், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது என்று தெளிவாக இருக்கும். கியர்பாக்ஸ் போனது வண்டிக்கு வந்த சேதம்தான். அதனால் யாருக்கும் காயமில்லை, வேறு சொத்துக்கும் நாசமில்லை. அந்தக் கதவு நமக்கில்லை. மிச்சம் இருப்பவை இரண்டு: பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு.

புது வண்டியே வேண்டும் என்பது சிஸ்டரின் மகனுடைய பிடிவாதம். அவரிடம் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கை எடுத்து விளக்கினேன். 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றுதான் வாரண்டி சொல்கிறது என்றால், அதை மீறி முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்பது அதன் சாரம். புது வண்டியோ அதன் விலையோ கேட்கலாம்தான். ஆனால் அதற்கு உற்பத்திக் குறைபாடு நிபுணர் வாயிலாக நிரூபணமாக வேண்டும். ஆகவே முறையீட்டில் கோரிக்கைகளை அடுக்காக வைத்தேன். உற்பத்திக் குறைபாடு என்று நிபுணர் சொன்னால் வண்டியின் விலை. இல்லாவிட்டால் புது கியர்பாக்ஸ். எப்படியானாலும், வண்டி இல்லாத நாட்களில் டயாலிசிஸுக்குப் போய்வந்த டாக்ஸிச் செலவும் இழப்பீடும்.

இன்னொரு வசதி. புதிய சட்டத்தில் முறையீட்டாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டீலர் கோவையில், கம்பெனி வேறு மாநிலத்தில் என்றாலும் ஊட்டியில் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்தோம். வண்டிக்குக் கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 400 ரூபாய். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டுக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை என்பது சிஸ்டருக்குப் பெரிய ஆறுதல்.

பதிலுரையில் மூன்று காரணங்களும் திரும்ப வந்தன. கூடவே ஒரு புது வாதம்: மாதம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடியிருப்பதால் வண்டியை வாடகைக்கு விட்டிருக்க வேண்டும், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. டயாலிசிஸ் குறிப்பேட்டின் நகலைத் தேதியோடு தாக்கல் செய்தேன். கோத்தகிரியிலிருந்து கோவை போய்வர 140 கிலோமீட்டர் அளவு. வாரம் மூன்று தடவை. கணக்கு தானாகவே பேசியது. அதன்பின் எதிர்தரப்பு அந்த வாதத்தைத் தொடவில்லை.

வெளியிடத்தில் பழுது பார்த்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம், கோத்தகிரி கடைவீதியில் ஏசி கேஸ் நிரப்பிய ஒரு ரசீது. அவர்கள் அழைத்த சர்வீஸ் கேம்ப் ஒன்றில் சிஸ்டரே அதை நேர்மையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். இதற்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் உத்தரவைக் கொடுத்தேன். ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கு அது. 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவு என்பதால் பத்திரிகைகளில் அபராதத்தைப் பற்றித்தான் நிறைய வந்தது. மேல்முறையீடுகளும் நடந்தன. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொரு பத்தி. வெளியில் பழுது பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. ஏசி கேஸுக்கும் சிவிடி பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்குமாறு எழுத்தில் கேட்டோம். விளக்கம் வரவில்லை.

இனி அந்த 40 ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸ். ஜாப் கார்டில் பரிசோதனைப் பட்டியல் ஒன்று அச்சாகியிருந்தது. டயர், பேட்டரி, பிரேக் பேடு, கூலன்ட் என்று வரிசையாக டிக். அதில் ஒரு வரி: கியர்பாக்ஸ் ஆயில் அளவும் தரமும், பரிசோதிக்கப்பட்டது, சரி. கீழே சிஸ்டரின் கையெழுத்து. பதிலுரையில் எதிர்தரப்பு தூக்கிப் பிடித்ததும் இந்த வரியைத்தான். நாங்கள் பரிசோதித்தோம், அன்று ஆயில் நன்றாக இருந்தது, பிறகு ஓட்டிய விதத்தால்தான் கெட்டது என்றார்கள்.

அந்த ஜாப் கார்டையும் பில்லையும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் டிக் போட்ட வரியைப் பார்க்கவில்லை. பில்லைத்தான் மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“வாஷர் எங்கே சார்?”

நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களாலும் ஆவணங்களாலும் நடப்பது. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அரிது. ஆணையத்தின் அனுமதி வாங்கி, எழுத்து வினாக்கள் கொடுத்தோம். சர்வீஸ் மேலாளர் பிரமாணத்தின் பேரில் பதில் தந்தார்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இல்லை என்பது பதில். பின் எப்படிப் பார்ப்பீர்கள்? வண்டியை லிஃப்டில் மட்டமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனர் மாட்டி ஆயிலின் சூடு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும், அடியில் இருக்கும் அளவுப் போல்ட்டைக் கழற்றி, ஆயில் எப்படி வழிகிறது என்று பார்ப்போம். போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது? பழைய வாஷரை நீக்கிவிட்டுப் புது வாஷர் போட வேண்டும், அது நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டில் கட்டாயம். அந்த வாஷருக்கு உதிரிபாக எண் உண்டா? உண்டு. பில்லில் ஏறுமா? ஏறும்.

அப்படியானால் 40 ஆயிரம் சர்வீஸ் பில்லில் அந்த வாஷர் எந்த வரியில் இருக்கிறது?

சிறிய பொருள் என்பதால் பில்லில் சேர்க்காமல் விட்டிருக்கலாம் என்று பதில் வந்தது. அதே பில்லின் நான்காவது வரியில் எஞ்சின் ஆயில் போல்ட்டுக்கான வாஷர் 28 ரூபாய் என்று ஏறியிருந்தது. கண்ணாடி துடைக்கும் திரவத்துக்குக்கூட தனி வரி. அன்று ஸ்கேனர் மாட்டிய பதிவு இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். போல்ட் கழற்றப்படவில்லை. ஆயில் வெளியே வரவில்லை. அதன் நிறத்தையோ நாற்றத்தையோ யாரும் பார்க்கவில்லை. பேனா மட்டும் டிக் போட்டிருக்கிறது.

ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடும் அதிகாரம் சட்டத்தின் 38ஆவது பிரிவில் ஆணையத்துக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி இன்னொன்றையும் கேட்டோம். 46 ஆயிரத்தில் வண்டி ஏற்றத்தில் உதறுகிறது என்று சிஸ்டர் முதல் தடவை புகார் சொன்னார். சாஃப்ட்வேர் அப்டேட் செய்து கொடுத்தார்கள். 53 ஆயிரத்தில் மறுபடியும் அதே புகார், மறுபடியும் அப்டேட். இரண்டு தடவையும் ஜாப் கார்டில் “ஓட்டிப் பார்த்தோம், குறை இல்லை” என்று எழுதியிருந்தது. ஓட்டிப் பார்த்த இடம் அவினாசி சாலை. ஏற்றத்தில் வரும் கோளாறைச் சமவெளியில் தேடியிருக்கிறார்கள். அப்டேட் செய்ய வேண்டுமானால் ஸ்கேனர் மாட்டியே ஆக வேண்டும். மாட்டினால் அறிக்கை பதிவாகும். அந்த அறிக்கைகளைத் தாக்கல் செய்யச் சொன்னோம். பல வாய்தாக்களுக்குப் பிறகு வந்தது. 53 ஆயிரம் அறிக்கையில் பழைய பிழைக் குறியீடாக பி0218 இருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியது என்று பொருள். எந்த நிறுவனத்தின் வண்டியிலும் அந்தக் குறியீட்டுக்கு அதுதான் பொருள். அதைப் பார்த்தவர்கள் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறியீட்டை அழித்துவிட்டு, வண்டியைக் கழுவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. அதன் பிறகு 8 ஆயிரம் கிலோமீட்டர், ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அந்த அம்மா அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

எங்கள் மனுவின் பேரில் ஆணையம் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரை நிபுணராக நியமித்தது. இரு தரப்பு முன்னிலையில் கியர்பாக்ஸ் பிரிக்கப்பட்டது. அடித்தட்டைக் கழற்றியதும் வந்த ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. தட்டின் உள்ளே இரும்புத் தூளைப் பிடிக்க வைத்த காந்தங்கள் உண்டு. ஓடிய வண்டியில் அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசைபோலப் படிந்திருப்பது இயல்பு. இங்கே காந்தமே தெரியாத அளவுக்குப் படிந்திருந்தது. நடுவே மினுமினுக்கும் சிறு செதில்கள். புல்லித் தட்டுகளில் வட்ட வட்டமாக நகம் பதியும் ஆழத்துக்குக் கீறல். தண்ணீர் புகுந்த தடயம் இல்லை, அடிபட்ட தடயமும் இல்லை.

அறிக்கை நேர்மையாக இருந்தது. உலோகத்திலோ தயாரிப்பிலோ குறை இருந்ததாகத் தன்னால் சொல்ல இயலாது என்று பேராசிரியர் எழுதினார். நீண்ட காலம் அதிகச் சூட்டில் ஓடிய ஆயில் உராய்வுத் தன்மையை இழந்து, பெல்ட் வழுக்கி, சேதம் படிப்படியாக வந்திருக்கிறது. 40 ஆயிரத்தில் ஆயிலை மாற்றியிருந்தாலோ, முதல் உதறலின்போதே ஆயிலைத் திறந்து பார்த்திருந்தாலோ தவிர்த்திருக்கலாம் என்றார். இரண்டு பெடலையும் ஒருசேர மிதித்தார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை என்றும் சேர்த்தார். சிஸ்டரின் மகனுக்கு முகம் வாடியது. எனக்கோ இந்த அறிக்கை போதும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவிடி என்பதே மோசமான சரக்கு என்று நான் எங்கும் வாதாடவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஒழுங்காக ஆயில் மாற்றி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. சில ஹைப்ரிட் கார்களில் இ-சிவிடி என்று சொல்வதில் இந்த எஃகுப் பெல்ட்டே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதே சமயம், இந்தப் பெல்ட் கியர்பாக்ஸ் தகராறுகள் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் நிசான் நிறுவனம் 2003 முதல் 2010 வரையிலான தன் சிவிடி மாடல்களுக்கு, 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த வாரண்டியை 10 ஆண்டு, 1,20,000 மைல் என்று இரட்டிப்பாக்கியது. எங்கள் வழக்கின் வண்டி அந்த நிறுவனத்துடையது அல்ல. வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பதைத் தவிர வேறு வழியும் தயாரிப்பாளருக்கு உண்டு என்று காட்டவே அதை ஆணையத்தில் குறிப்பிட்டேன்.

இறுதி வாதத்தில் தயாரிப்பு நிறுவனம், டீலரின் தவறுக்குத் தான் பொறுப்பல்ல என்றது. டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோணியோ பாலோ வாஸ் என்ற 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார்கள். பழைய மாடலைப் புதியது என்று டீலர் விற்ற வழக்கு அது. தயாரிப்பாளருக்கு அதில் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. இங்கே நிலைமை வேறு. வாரண்டி கொடுத்தது தயாரிப்பாளர். எங்கள் அங்கீகாரம் பெற்ற சென்டரில்தான் சர்வீஸ் விட வேண்டும் என்று சொன்னது தயாரிப்பாளர். மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் தயாரிப்பாளரின் அலுவலகம்.

கடுமையான பயன்பாட்டு அட்டவணை கையேட்டிலேயே இருக்கிறது, படித்திருக்க வேண்டியது வாடிக்கையாளர்தான் என்று அவர்கள் சொன்னதற்கு, நான் வண்டியின் புகைப்படத்தைக் காட்டினேன். நம்பர் பிளேட்டில் டிஎன் 43. நீலகிரிப் பதிவு. விற்பனை ரசீதில் கோத்தகிரி முகவரி. ஒவ்வொரு ஜாப் கார்டிலும் அதே முகவரி, கம்ப்யூட்டரே அச்சடித்தது. மலையில் குடியிருக்கும் வண்டி என்று அவர்களுக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டவணை தெரிந்தவர்கள் அவர்கள். வேலை தெரிந்தவர்கள் அவர்கள். காசு வாங்கியவர்களும் அவர்கள். மருந்துச் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று நோயாளியே சொல்ல வேண்டும் என எந்த மருத்துவமனையும் எதிர்பார்ப்பதில்லை. அதைத் தெரிந்துதான் சிஸ்டர் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார்.

2025இல் தீர்ப்பு வந்தது. உற்பத்திக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே வண்டி விலையைத் திருப்பித் தரும் கோரிக்கை தள்ளுபடி. மலைப் பகுதி வண்டி என்று தெரிந்தும் உரிய அட்டவணைப்படி ஆயில் மாற்றப் பரிந்துரைக்காதது, செய்யாத பரிசோதனையைச் செய்ததாக ஜாப் கார்டில் குறித்தது, சூட்டுப் பிழைக் குறியீட்டை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் அழித்தது ஆகியவை சேவைக் குறைபாடு. தன் அங்கீகாரம் பெற்ற சென்டர் செய்யத் தவறியதைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர் வாரண்டியை மறுத்தது நியாயமல்ல. டீலரும் தயாரிப்பாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் புது கியர்பாக்ஸை இலவசமாகப் பொருத்தி அதற்கு ஓராண்டு வாரண்டி தர வேண்டும். ரசீதுகளின்படி டாக்ஸிச் செலவு முழுவதும், மன உளைச்சலுக்கு 75 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 10 ஆயிரம். மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருந்தது. செய்யவில்லை. கியர்பாக்ஸ் மாற்றிக் கொடுத்தார்கள்.

சிவிடி வண்டி வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். இன்றைக்கே கையேட்டை எடுத்து, கடுமையான பயன்பாட்டு அட்டவணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். லைஃப்டைம் ஆயில் என்று யாராவது சொன்னால், அதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாற்றும்போது அந்த மாடலுக்குரிய ஆயில்தானா என்று டப்பாவைப் பாருங்கள், பில்லில் அதன் பெயரும் அளவும் வாஷரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி உதறினால் உதறுகிறது என்று உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எந்த ஏற்றத்தில் உதறுகிறதோ அங்கேயே அவர்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஸ்கேனர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி நின்றுபோனால் ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளே ஆயில் பம்ப் ஓடாது. வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்துக்கு வாருங்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வந்துவிட வேண்டும்.